பாட்டிலுக்குள் ஒரு தெய்வம்

குடிப்பது பாவமா இல்லையா என்பதற்கு இந்தக் கட்டுரையில் விடை தேட வேண்டாம். அதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். எங்கள் அத்தை அவரைவிடக் காரமாகச் சொல்லுவார். நான் கேட்க வந்தது வேறு. ஒன்றை நாக்கில் வைத்துவிட்டு ‘இது உசத்தி, இது மட்டம்’ என்று ஒருவர் சொல்கிறாரே, அந்தத் தீர்ப்பில் நாக்கின் பங்கு எவ்வளவு, முன்பே காதில் விழுந்த பெயரின் பங்கு எவ்வளவு? நம்பத்தக்க அறிவு எந்த வழியாக வருகிறது என்று நம் தத்துவவாதிகள் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய விவகாரம்தான் இது. என்னிடம் அது கென்டக்கியில் ஒரு விஸ்கி பாட்டில் வழியாக வந்து சேர்ந்தது.

லூயிவில் நகரில் சுவைப்பொருள் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சாஸ், பிஸ்கட், குளிர்பானம் என எது வந்தாலும் முகர்ந்து, ஒரு வாய் வைத்துச் சுழற்றி, துப்பி, தாளில் குறிப்பது அன்றாடம். இந்த ஊரில் அந்த வேலையில் இருப்பவர்களைத் தேடி விஸ்கியும் வந்துவிடும்; கென்டக்கியில் மக்கள்தொகையைவிட விஸ்கிப் பீப்பாய்களின் தொகை அதிகம். கமுதியிலிருந்து அத்தை போனில் கேட்டார்: “ஏன்டி, அம்புட்டுப் படிச்சுப்புட்டு அமெரிக்காவுல போயி சாராயத்தையா மோந்து பாக்குற?”

“துப்பிருவேன் அத்தை.”

“துப்புனா மட்டும் வாயில படாமப் போயிருமா?”

அத்தையின் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பௌத்தத் துறவிகளுக்கான வினய நூலும் இதே கறார்தான்: தர்ப்பைப் புல்லின் நுனியளவு குடித்தாலும் குற்றம். அந்த விதி பிறந்த கதை சுவையானது. சாகதர் என்ற துறவி ஒரு நாகத்தை அடக்கிப் பேர் வாங்குகிறார். பேர் பரவியதும், இவரை எதைக் கொடுத்து மகிழ்விப்பது என்று கோசம்பி மக்கள் கேட்டறிந்து, வீட்டுக்கு வீடு தெளிந்த மதுவை எடுத்துவைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிக் குடித்துக்கொண்டே போனவர் ஊர் வாசலில் விழுந்து கிடக்கிறார். நாகத்தையே அடக்கிய இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப்பாம்பையாவது அடக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாக வரும். புகழையும் மதுவையும் ஒரே குப்பியில் அடைத்த கதைகளில் எனக்குத் தெரிந்து இதுவே பழையது. அன்று பேர் பெற்றவருக்கு ஊர் மதுவைக் கொடுத்தது. இன்று பேர் பெற்றவர் ஊருக்கு மதுவை விற்கிறார்.

என்னிடம் வந்த பாட்டிலின் பெயர் லாங்பிராஞ்ச். லாரன்ஸ்பர்க் ஊரில், கென்டக்கி ஆற்றுக்கு மேலேயுள்ள குன்றில் இருக்கும் வைல்ட் டர்க்கி டிஸ்டிலரியின் சரக்கு. 2016இல் அந்த நிறுவனம் ஹாலிவுட் நடிகர் மேத்யூ மெக்கானஹேயைத் தன் விளம்பரங்களின் முகமாகவும் இயக்குநராகவும் அமர்த்தியது. ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் மகளை விட்டுவிட்டு விண்வெளிக்குப் போவாரே, அவர்தான். 2018இல் அவரும் டிஸ்டிலரியின் தலைமை வடிப்பாளர் எடி ரஸ்ஸலும் சேர்ந்து உருவாக்கியது என்ற அறிவிப்போடு லாங்பிராஞ்ச் கடைக்கு வந்தது. 8 ஆண்டு பீப்பாயில் கிடந்த விஸ்கி. ஆல்கஹால் 43 சதவீதம். கென்டக்கியின் பர்பன் விஸ்கியை நடிகர் பிறந்த டெக்சஸோடு இணைக்க வேண்டும் என்பது யோசனை. அதற்காக விஸ்கியை ஓக் மரக்கரியிலும், டெக்சஸில் விளையும் மெஸ்கீட் மரத்தின் கரியிலும் வடிகட்டுகிறார்கள்.

பர்பன் என்று பெயர் போட்டுக்கொள்ள அமெரிக்கச் சட்டத்தில் ஏகப்பட்ட நிபந்தனை. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். கலத்தில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக் கூடாது. நிறம், வாசனை எதையும் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றமே இதைத் தன் நாட்டின் தனித்துவமான பொருள் என்று தீர்மானம் போட்டது. வாசனை சேர்ப்பதைத் தடுத்த அந்தச் சட்டம், பெயர் சேர்ப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மெஸ்கீட் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று டெக்சஸ் பண்ணைக்காரர்கள் கரித்துக்கொட்டும் அந்த முள்மரமும், எங்கள் கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தை மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்துப் பங்காளிகள். அங்கே அதை வெட்டி மாட்டிறைச்சி வாட்டுகிறார்கள். நம் ராமநாதபுரத்தில் அதை வெட்டி மூட்டம் போடுகிறார்கள். என் தாத்தா கரிமூட்டம் போட்டவர். விறகை நட்டுக்குத்தலாக அடுக்கி, கும்பாச்சியாக வளர்த்து, மேலே வைக்கோலும் காய்ந்த புல்லும் பரப்பி, ஈரமண்ணைக் குழைத்துப் பூசி, உச்சியில் விட்ட துவாரம் வழியே தீ வைப்பார்கள். விறகு எரிந்துவிடக் கூடாது. மூச்சுமுட்டி வேக வேண்டும். முதலில் வரும் புகை வெள்ளை, சோற்றுப்பானை ஆவி மாதிரி ஈரமாக இருக்கும். அப்புறம் மஞ்சள் கலந்து கண்ணை எரிக்கும். கடைசியில் மெல்லிசாக நீலம் பாயும். நீலம் வந்ததும் தாத்தா ஓட்டைகளை மண் அப்பி அடைப்பார். ஒரு கணம் பிந்தினால் கரி சாம்பல், ஒரு கணம் முந்தினால் கரி கொள்ளி. மூட்டம் ஆறியபின் பெண்கள் உடைத்துச் சலித்து மூட்டை கட்டுவார்கள். அவர்கள் மூக்கைச் சிந்தினால் முந்தானையில் கறுப்பு விழும்.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, முதல் காட்டம் அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு வாயை லேசாகத் திறந்துகொண்டு மூக்கைக் கிண்ண விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். வாயை மூடினால் ஆல்கஹால் மூக்கை அறைந்துவிடும். வெனிலா முதலில் வந்தது. கருகிய ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டாகும் வெனிலின் அது. பின்னால் கருப்பட்டிப் பாகு. பிறகு தேங்காய் மணம் மெலிதாக. ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளின் வேலை. கிராம்பு கொஞ்சம். வாயில் வைத்தால் இனிப்பு முன்னால் வந்து நின்றது, நடுநாக்கில் சற்று நீர்த்தது, தொண்டைக்குப் போவதற்குள் பாதி மறைந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் பின்னால், ஓரத்தில், நீலப்புகை. சந்தேகமே இல்லாமல் நீலப்புகை. தாளில் ‘கரிமூட்டம்’ என்று எழுதினேன்.

எழுதியதைப் பார்த்ததும் என்னுள் இருந்த வேதியியல்காரி விழித்துக்கொண்டாள். வடிகட்டும் கரி, புகையைச் சேர்ப்பதில்லை. அதன் வேலை எடுப்பது: எண்ணெய்ப் பிசுக்கான, கரகரப்பான மூலக்கூறுகளைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைத்துக்கொள்வது. சரியாக வெந்த கரியில் புகைமணத்துக்கான பொருள் அனேகமாகப் போயே போயிருக்கும். தாத்தா நீலப்புகைக்குக் காத்திருந்ததே அதற்காகத்தான். விஸ்கியில் புகைமணம் தரும் குவாயகோல் என்ற பொருள் உண்டு. ஆனால் அது கருக்கிய ஓக் பீப்பாயிலிருந்தே வந்துவிடும், எந்த நடிகரும் தொடாத பர்பனிலும். அப்படியானால் என் மூக்கில் ஏறியது யாருடைய புகை? பீப்பாயினுடையதா, டெக்சஸினுடையதா, தாத்தாவினுடையதா?

இந்த இடத்தில் ஆய்வகக் கையேட்டைவிட மணிமேகலை உதவியது. காப்பியத்தின் பிற்பகுதியைப் பலரும் தர்க்கம் என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதுதான் பிடித்த பகுதி. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகளை ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறாள். அளவைவாதி ஒருவர், அறிவதற்கான வழிகள் வியாசருக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்று கணக்குச் சொல்கிறார். அவற்றில் ஒன்று ஐதிகம். இந்த மரத்தில் ஒரு தெய்வம் குடியிருக்கிறது என்று ஊர் காலங்காலமாகச் சொல்ல, அதை அறிவாகவே ஏற்றுக்கொள்வது. பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் வருகிறாள். அவர் பத்தையும் எட்டையும் வெட்டித் தள்ளி இரண்டே இரண்டை வைக்கிறார்: காட்சி, கருத்து. பௌத்தத் தர்க்கவாதி திக்நாகரின் வழி அது. காட்சிக்கும் அவர் வைக்கும் வரம்பு மிகக் கடுமை. பெயர், சாதி, குணம், செயல் நான்கும் காட்சியில் சேராது. அவையெல்லாம் மனம் பின்னால் கட்டுவது, அனுமானத்தின் கணக்கில் போக வேண்டியவை. சுட்டி உணர்வது மட்டுமே காட்சி.

என் தாளை எடுத்து இந்த நான்கையும் அடித்துப் பார்த்தேன். ‘லாங்பிராஞ்ச்’ பெயர். ‘பர்பன்’ சாதி. ‘இனிப்பு, கிராம்பு, தேங்காய்’ குணம். ‘நாக்கில் பரவுகிறது, சீக்கிரம் மறைகிறது’ செயல். அடித்து முடித்தபோது தாளில் தேதி மட்டும் மிச்சமிருந்தது.

உலகம் முழுக்க விஸ்கிக்கு 100க்கு 92, 100க்கு 88 என்று மதிப்பெண் போடுகிறவர்கள் எழுதுவதெல்லாம் இந்த நான்கால் ஆனதுதான். அதற்காக அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அறவண அடிகள் சொல்லமாட்டார். காட்சி என்று உரிமை கொண்டாடாதே, அனுமானம் என்று ஒப்புக்கொள் என்பார். (மதுவை விலக்கச் சொல்லும் காப்பியத்தைக் கொண்டு மதுவை ஆராய்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் அது உறைக்காமல் இல்லை. அதே நூலில் கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறும் சாதுவன், தலைவன் கொடுத்த கள்ளை மறுத்து அவனுக்கே அறம் சொல்கிறான். நானும் துப்பத்தான் செய்கிறேன்.)

நான்கையும் கழித்தபின் எதுவும் மிஞ்சாதா? ஒன்று மிஞ்சும் என்று கொஞ்ச நாள் நம்பினேன்: சூடு. பெயர் தெரிவதற்கு முன்பே, என்ன பானம் என்று புரிவதற்கு முன்பே, நாக்கு சுடும். ஆனால் உடலியல் அதையும் விட்டுவைக்கவில்லை. நாக்கில் வெப்பத்தை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. மிளகாய்க் காரத்துக்கும் விழிப்பது அதுவே. சாதாரணமாக 42 டிகிரி வாக்கில் விழிக்கும் அதை, ஆல்கஹால் 34 டிகிரியிலேயே எழுப்பிவிடுகிறது. நம் உடம்பின் சூடு 37. அதாவது விஸ்கி சுடுவதில்லை. நம் வாயின் சொந்தச் சூட்டை நமக்கே சுடச் சுடக் காட்டுகிறது. சுத்தமான காட்சி என்று நான் கையில் பிடித்திருந்ததும் நழுவிப்போனது. திக்நாகர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

தத்துவத்தை அங்கே விட்டுவிட்டுச் சோதனைக்குப் போனோம். எங்கள் வேலையில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே பொருள், ஒன்றில் வேறு. வேறானதைச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் கைவைத்தாலும் மூன்றில் ஒரு பங்குப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அதைத் தாண்டினால்தான் கணக்கு. லாங்பிராஞ்சுக்கு எதிரே அதே டிஸ்டிலரியின் பழைய சரக்கான வைல்ட் டர்க்கி 101ஐ வைத்தோம். 101 என்பது புரூஃப், ஆல்கஹால் 50.5 சதவீதம். அப்படியே ஊற்றினால் காட்டமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், 100 மில்லிக்கு 17 மில்லிக்குச் சற்று மேலாகத் தண்ணீர் விட்டு 43க்கு இறக்கினோம். நிறம் தெரியாமலிருக்க அடர்நீலக் கண்ணாடிக் கிண்ணம்.

முதலில் பெயரைச் சொல்லியே கொடுத்தோம். டெக்சஸ்காரரான என் சக ஊழியர் ‘பார்பிக்யூ அடுப்பு’ என்று எழுதினார். கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனில் வளர்ந்த பெண் ‘வெனிலா, பீச் பழம், கொஞ்சம் புகை’ என்றாள். என் தாளில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு நாள் பெயர் சொல்லாமல் கொடுத்தபோது, புகை என்ற சொல் எல்லார் தாளிலிருந்தும் காணாமல் போயிற்று. ஆனால் வேறுபாடு தங்கியது. பெரும்பாலோர் தனிக்கிண்ணத்தைச் சரியாகப் பிடித்தார்கள். லாங்பிராஞ்ச் வழுவழுப்பு, இனிப்பு தூக்கல், முடிவு குறுகல். 101 தண்ணீர் விட்ட பிறகும் ரை தானியத்தின் மிளகுக் காரத்தோடு தொண்டைவரை நின்றது. ஆக, அந்தப் பாட்டிலில் மெய்யாகவே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொன்ன திசையில் இல்லை. கிண்ணத்தில் நடந்தது எடுத்தல். பெயர் செய்தது சேர்த்தல்.

எங்களுக்கு மட்டும் நேர்ந்த அதிசயமல்ல இது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் மணங்களையே அவர்கள் எழுதினார்கள். கண்ணுக்கே அந்த வலிமை என்றால், ஆஸ்கர் வாங்கிய ஒரு முகத்துக்கு எவ்வளவு இருக்கும்!

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சான்சோவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு வாடை என்கிறார் இன்னொருவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வாரில் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. நுட்பமான நாக்குக்கு உலகில் ஒரு சாட்சி உண்டு என்று காட்ட ஹியூமுக்கு அந்தச் சாவி போதுமானதாக இருந்தது. எங்கள் தொழிலில் சாவி தேட வாயுப் பகுப்புக் கருவி உண்டு. குவாயகோலை அது எளிதாகப் பிடித்துவிடும். எந்த மரத்தின் கரி, யாருடைய ஊர் என்று அந்தக் கருவி சொல்லாது. ஹியூமின் கதையில் சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இந்தக் கதையில் சாவி கிடைக்கிறது, அதில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 2008இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது குடித்தவர்கள் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். அதைவிட முக்கியம், இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. பாசாங்கு செய்யவில்லை, மெய்யாகவே அதிகம் இன்பப்பட்டார்கள். அப்படியென்றால் மெக்கானஹேயின் ரசிகருக்கு லாங்பிராஞ்ச் தரும் கூடுதல் இன்பமும் மெய்தான். அதைப் போய்ப் பொய் என்று சொல்ல நான் யார்?

அதோடு எனக்கு இன்னும் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. ராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்பார் அப்பத்தா. வாளி வாளியாகத் தலையில் ஊற்றும்போது வாய்க்குள் போகும் அந்த நீரை அவர் சொன்ன ருசியோடுதான் இன்றும் நினைக்கிறேன். கோயில் புளியோதரை, பெருமாள் சன்னிதித் துளசித் தீர்த்தம், நாகூரில் கொடுக்கும் சர்க்கரை, வேளாங்கண்ணித் திருவிழாப் பொரி எல்லாமே பெயரோடு சேர்ந்த சுவைதான். பெயரைக் கழித்துவிட்டால் அது அரிசி, புளி, தண்ணீர். விஸ்கிக்குப் பெயரை மூடு என்கிற நான், பிரசாதத்துக்கும் மூடச் சொல்வேனா?

சொல்லமாட்டேன். தெய்வ குத்தம் என்ற பயத்தால் இல்லை. பிரசாதத்தை யாரும் மதிப்பிடுவதற்காக வாங்குவதில்லை. கையேந்தி வாங்குகிறோம், கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், உப்புக் குறைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. கொடுத்தவர் பெயர்தான் அங்கே பொருள். அரிசி அதைத் தாங்கி வரும் இலை. அதற்கு மதிப்பெண் கிடையாது, அதனால் ஏமாற்றும் கிடையாது. மதிப்பெண் போடுகிற மேசைக்கு ஒரு பொருள் வந்துவிட்டால் சங்கதி வேறு. அங்கே அது தன் சொந்தக் காலில் நின்றாக வேண்டும். நட்சத்திரப் பெயர் தாங்கிய விஸ்கியிடம் எனக்குள்ள புகார் அது இரண்டு பக்கமும் ஆடுகிறது என்பதுதான். பிரசாதமாக நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறது. சரக்காக விலை போடுகிறது. மரத்தில் தெய்வம் இருக்கிறது என்று சொன்ன ஊர், மரத்தடியில் உண்டியல் வைத்திருக்கலாம். மரத்தை அடி கணக்கில் அறுத்து, தெய்வத்துக்கும் சேர்த்து விலை போட்டு விற்றதில்லை.

கென்டக்கியில் இந்த ஐதிகத்துக்குப் பஞ்சமே இல்லை. எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1789இல் முதல் பர்பனை வடித்தார் என்று ஒரு கதை; வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை, ஆனால் 1986 முதல் அவர் பெயரில் ஒரு பர்பன் நன்றாகவே விற்கிறது. பிரசங்க மேடையும் சாராய அடுப்பும் இந்த நிலத்தில் அத்தனை தூரத்தில் இருந்ததில்லை. தெற்கே டென்னசி மாநிலத்தின் லிஞ்ச்பர்க் பகுதியில் டான் கால் என்ற போதகரின் பண்ணையிலும் அடுப்பு எரிந்தது. அங்கே வேலை செய்த சிறுவன் பெயர் ஜாக் டேனியல். அவனுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற அடிமை மனிதர். விஸ்கியை மேப்பிள் மரக்கரியில் சொட்டுச் சொட்டாக இறக்கிச் சுத்தப்படுத்தும் அந்த வட்டாரத்து முறையில் கைதேர்ந்தவர். ஜாக் டேனியல் என்ற பெயர் உலகமெல்லாம் போனது. கற்றுக்கொடுத்தவர் பெயரை லிஞ்ச்பர்க்கில் சிலர் மறக்காமல் வைத்திருந்தார்கள். 2016இல் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. அடுத்த ஆண்டு, அங்கிள் நியரஸ்ட் என்று அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி வந்தது.

அந்தப் பாட்டிலையும் நீலக் கண்ணாடியில் ஊற்றி மதிப்பிட்டிருக்கிறேன். சுவைக்கு உரிய மதிப்பெண்ணைத்தான் போட்டேன், வரலாற்றுக்காக ஒன்றும் கூட்டவில்லை. ஆனால் அதன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பெயர் சுவையில் பங்கு கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறது. செய்தவர் பெயரும் நின்று சிரித்தவர் பெயரும் ஒரே எழுத்தளவில் அச்சாகிற உலகில், இந்த வேறுபாட்டையாவது நாம் வைத்துக்கொள்ள வேண்டும். லாங்பிராஞ்சிலேயே பாருங்கள். எடி ரஸ்ஸல் 1981இலிருந்து அந்த டிஸ்டிலரியில் இருக்கிறார், அவருடைய அப்பா ஜிம்மி ரஸ்ஸல் 1954இல் சேர்ந்தவர். 8 ஆண்டு பீப்பாயைக் காத்தது அந்தக் குடும்பம். அந்த 8 ஆண்டில் பீப்பாயிலிருந்து ஏறத்தாழக் கால் பங்கு ஆவியாகிப் போயிருக்கும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் இங்கே. அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு கறுப்புப் பூஞ்சை கிடங்குச் சுவர்களிலும் பக்கத்து மரங்களிலும் கரிப்பூச்சாக அப்பிக் கிடக்கிறது. கையால் தேய்த்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. விளம்பரப் படங்களில் அந்தச் சுவரைக் காட்டி நான் பார்த்ததில்லை.

மெக்கானஹே மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. நல்ல நடிகர். தன் ஊர் மரத்தின் கரியைத் தான் சம்பந்தப்பட்ட விஸ்கிக்குள் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தது எனக்குப் புரிகிறது. பங்காளி மரத்தின் புகையில் வளர்ந்தவளுக்கு அது புரியாமலிருக்குமா? என் மூக்கில் ஏறிய நீலப்புகையை நான் பொய் என்று சொல்லவில்லை. அது கமுதியிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன், லாரன்ஸ்பர்க்கின் கணக்கில் எழுத மறுக்கிறேன். இனிமேல் என் தாளில் மூன்று பத்தி இருக்கும்: நாக்கு சொன்னது, நினைவு சொன்னது, லேபிள் சொன்னது. முதல் பத்திக்கு மட்டும் மதிப்பெண். அறவண அடிகளின் தரத்துக்கு இதுவும் தேறாது, ஆனால் நீதிபதி தன் சாட்சிகளைத் தனித்தனிக் கூண்டில் நிறுத்துகிற அளவுக்காவது இது நேர்மை.

தீர்ப்பு இது. லாங்பிராஞ்ச் குறை சொல்ல முடியாத பர்பன்: இனிப்பு, வழுவழுப்பு, முதன்முதலில் குடிப்பவரை மிரட்டாது, நடுவில் நீர்க்கிறது, முடிவு சீக்கிரம் வந்துவிடுகிறது. என் ஊர்க் கடையில் அது 40 டாலர் வாக்கில் கிடைக்கிறது, பக்கத்துத் தட்டில் இருக்கும் 101 ஏறக்குறைய 25 டாலர். நாக்குக்காக வாங்குபவர் 101ஐ எடுத்துக்கொண்டு வேண்டிய அளவு தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். நடிகருக்காக வாங்குபவர் தாராளமாக லாங்பிராஞ்சை வாங்கலாம். சுவைக்காகத்தான் வாங்கினேன் என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். குடிக்கும் பழக்கமே இல்லாதவர்கள் இரண்டுக்காகவும் தொடங்க வேண்டியதில்லை.